பெரிய மூலக்கூறு எங்கே உடையும்? முதலில் ஹைட்ரஜன் கணக்கைப் பாருங்கள்

பினாங்கின் பிறை நகரிலிருந்து எழுதியிருக்கும் சகோதரிக்கு வணக்கம். படிவம் 5 படிக்கும் உங்கள் மகள் கேட்டதாக நீங்கள் எழுதியிருப்பது இதுதான்: நீண்ட ஹைட்ரோகார்பனைச் சூடாக்கினால் சிறியவையாக உடையும் என்று பாடநூல் சொல்கிறது. அப்படியானால் அது எந்த இடத்தில் உடையும்? ஒரு துண்டு ஆல்க்கேனாகவும் (கார்பன்களுக்கிடையே ஒற்றைப் பிணைப்பு மட்டும்) இன்னொன்று ஆல்க்கீனாகவும் (ஓர் இரட்டைப் பிணைப்பு உள்ளது) வருவது ஏன்? அவ்வளவு சூட்டில் எல்லாமே எரிந்து கரியாகிவிடாதா? கூடவே, பிளாஸ்டிக் பையை உருக்கிப் பெட்ரோல் எடுக்கும் காணொளியைப் பார்த்துவிட்டு உங்கள் வீட்டுக்காரர் கேட்ட கேள்வியும் இருக்கிறது. நான்கும் தனித்தனிக் கேள்விகளாகத் தெரிந்தாலும், உடைவதை எது வழிநடத்துகிறது, எது நிறுத்துகிறது என்பதைத்தான் உங்கள் மகள் சுற்றிச் சுற்றிக் கேட்கிறாள். மிக நல்ல கேள்வி. சுத்திகரிப்பு ஆலைக்கு வேலைக்கு வரும் இளம் பொறியாளர்கள் பலர் இதைக் கேட்காமலேயே பட்டம் வாங்கிவிடுகிறார்கள்.

இப்படி உடைப்பதைத்தான் கிராக்கிங் என்கிறோம். நான் பல ஆண்டுகள் வினையூக்கி கிராக்கிங் பிரிவில் ஷிப்டு பார்த்தவன்; இப்போது கோலாலம்பூரில் பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். அந்தப் பிரிவைப் பற்றிக் கீழே சொல்வது கையால் தொட்டுப் பழகியது. எத்திலீன் (பாடநூலில் எத்தீன்) எடுக்கும் நீராவி கிராக்கிங் உலையில் நான் வேலை செய்ததில்லை. அதைப் பற்றிய பகுதி படித்தும் அங்கே இருக்கும் நண்பர்களிடம் கேட்டும் அறிந்தது.

சூட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து அணுக்களை எண்ணச் சொல்லுங்கள். டெக்கேன் என்ற ஆல்க்கேனில் 10 கார்பன், 22 ஹைட்ரஜன். சரியாக நடுவில் வெட்டினால் இரண்டு பக்கமும் 5 கார்பன், 11 ஹைட்ரஜன். ஆனால் 5 கார்பன் கொண்ட பென்டேன் முழுமையாக இருக்க 12 ஹைட்ரஜன் வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொன்று குறைகிறது. வெளியிலிருந்து கொடுக்க யாருமில்லை. ஆகவே ஒரு துண்டு மற்றதிடமிருந்து ஒரு ஹைட்ரஜனை எடுத்துக்கொண்டு 12 உள்ள பென்டேன் ஆகிறது. இழந்த துண்டு 10-உடன் நின்று, மிஞ்சிய கையை இரட்டைப் பிணைப்பாக மடித்துப் பென்டீன் ஆகிறது. ஓரமாக வெட்டினாலும் இதே கதைதான்: 18 ஹைட்ரஜன் கொண்ட ஆக்டேனும் 4 ஹைட்ரஜன் கொண்ட எத்தீனும். எங்கே வெட்டினாலும் கூட்டுத்தொகை 22. ஆல்க்கீன் வருவது விபத்தும் இல்லை, மனப்பாடம் செய்ய வேண்டிய விதியும் இல்லை. கணக்கு அப்படித்தான் முடியும். எஸ்பிஎம் தாளில் சமன்பாடு எழுதும்போது இந்த ஒரு கூட்டலைச் சரிபார்த்தாலே பாதித் தவறுகள் போய்விடும்.

பள்ளி ஆய்வகத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். பாரஃபின் எண்ணெயில் நனைத்த கனிமக் கம்பளியைச் சோதனைக் குழாயின் அடியில் திணித்து, நடுவில் உடைந்த பீங்கான் சில்லுகளைப் போட்டு, சில்லுகளைத்தான் நன்றாகச் சூடாக்குவார்கள். எண்ணெய் ஆவி சூடான பீங்கானைக் கடந்து வரும்போது உடைந்து, நீருக்கடியில் கவிழ்த்த குழாயில் குமிழியாகச் சேரும். முதலில் வரும் குமிழிகள் வெறும் காற்று. அவற்றை விட்டுவிட வேண்டும். அடுத்துச் சேரும் வாயுவில் புரோமின் நீரை ஊற்றிக் குலுக்கினால் பழுப்பு நிறம் மறையும். மறைய வைப்பது அந்த இரட்டைப் பிணைப்பு. முடிக்கும்போது, அடுப்பை அணைப்பதற்கு முன்பே விநியோகக் குழாயைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் குளிரும் குழாய் தண்ணீரை உள்ளே இழுத்து, சூடான கண்ணாடி வெடித்துவிடும். உங்கள் மகள் இதைச் செய்யும் நாளில் இந்த ஒன்றை மறக்க வேண்டாம்.

இதே கணக்கைப் பெரிய அளவில் போட்டால் சுத்திகரிப்பு ஆலை முழுவதும் புரிந்துவிடும். கச்சா எண்ணெயின் அடியில் தங்கும் கனமான எச்சத்தில் ஒரு கார்பனுக்கு ஏறக்குறைய ஒன்றரை ஹைட்ரஜன். பெட்ரோலில் கிட்டத்தட்ட இரண்டு. எச்சத்தைப் பெட்ரோலாக்க வேண்டுமென்றால் அந்த வித்தியாசம் எங்கிருந்தோ வர வேண்டும். வழி இரண்டுதான்: கார்பனில் ஒரு பகுதியைக் கரியாக வெளியே தள்ளி, இருக்கும் ஹைட்ரஜனை மற்றதற்குப் பங்கிடலாம், அல்லது வெளியிலிருந்து ஹைட்ரஜனை அழுத்தி ஏற்றலாம். கோக்கர் (எச்சத்தை வெறும் சூட்டில் உடைக்கும் பிரிவு), வினையூக்கி கிராக்கர் எல்லாம் முதல் வகை. ஹைட்ரோகிராக்கர் இரண்டாம் வகை. ஏறத்தாழ 400 டிகிரி செல்சியஸ், நூறு வளிமண்டலத்துக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் ஹைட்ரஜன் சூழ வேலை செய்வதால், உடைந்த துண்டுகளின் குறை உடனே நிரப்பப்படுகிறது. ஆல்க்கீன் அநேகமாக மிஞ்சாது. மலாக்கா ஆலையில் இரண்டு வகையும் இருக்கின்றன. போர்ட்டிக்சனில் எச்சத்தையே உடைக்கும் வினையூக்கி கிராக்கர் இருக்கிறது; பெங்கெராங்கிலும் உண்டு. நம் டாப்பிஸ் கச்சா எண்ணெய் இலேசானது, கந்தகமும் குறைவு. கனமான மேற்காசிய எண்ணெயை வாங்கிச் சுத்திகரிக்கும்போதுதான் இந்த உடைக்கும் பிரிவுகளின் அருமை தெரியும்.

இனி, சூடு ஏன் வேண்டும். கார்பன்–கார்பன் பிணைப்பை அறுக்க மோலுக்கு ஏறக்குறைய 350 கிலோஜூல். கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்புக்கு 410 அளவில். ஆகவே முதலில் அறுவது கார்பன் முதுகெலும்பு. மொத்த வினையாகப் பார்த்தாலும், ஆல்க்கேன் ஒன்று உடைந்து ஆல்க்கேனும் ஆல்க்கீனும் ஆக மோலுக்கு 80, 90 கிலோஜூல் வெப்பம் உள்ளே போக வேண்டும். அப்படியிருந்தும் அது நடப்பதற்குக் காரணம், ஒரு மூலக்கூறு இரண்டாகும்போது ஒழுங்கின்மை, அதாவது என்ட்ரோப்பி, கூடுவது. வெப்பநிலை ஏற ஏற என்ட்ரோப்பியின் பங்கு பெருகி, சில நூறு டிகிரிக்கு மேல் உடைவது சாதகமாகிவிடுகிறது. எரிந்துவிடாதா என்ற பயத்துக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம்: எரிய ஆக்சிஜன் வேண்டும். உடைக்கும் கலத்துக்குள் காற்றுக்கு இடமே இல்லை.

எந்த இடத்தில் உடையும் என்பது, வெறும் சூடா, வினையூக்கி இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. வெறும் சூட்டில் பிணைப்பு நடுவாகப் பிளந்து, ஆளுக்கொரு தனி எலக்ட்ரானுடன் இரண்டு ராடிக்கல்கள் பிறக்கின்றன. சங்கிலியின் உள்ளே இருக்கும் கார்பன்–கார்பன் பிணைப்புகளின் வலிமை ஏறக்குறைய ஒன்றுதான். நுனியில் இருப்பது மட்டும் சற்றே உறுதியானது. ஆகவே முதல் வெட்டு எங்கே விழும் என்பது பெரும்பாலும் வாய்ப்புக் கணக்கு. ஆனால் முதல் வெட்டு அவ்வளவு முக்கியமில்லை. பிறந்த ராடிக்கல் பக்கத்து மூலக்கூறிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்குகிறது. பறிகொடுத்த மூலக்கூறு இப்போது ராடிக்கல். அதில் தனி எலக்ட்ரான் எந்தக் கார்பனில் இருக்கிறதோ, அதை அடுத்த பிணைப்பு அப்படியே நிற்க, அதற்கும் அடுத்த பிணைப்புதான் அறும். இதற்குப் பீட்டா பிளவு என்று பெயர். அறுந்ததும் ஒரு பக்கம் ஆல்க்கீன், மறுபக்கம் இன்னும் குட்டையான ராடிக்கல். அது மறுபடி அதே முறையில் நுனியிலிருந்து இரண்டிரண்டு கார்பனாக எத்தீனை உதிர்த்துக்கொண்டே போகும். பிரான்சிஸ் ரைஸ் 1930-களில் வகுத்த இந்தச் சங்கிலி வினை விளக்கம் இன்றும் அசையாமல் நிற்கிறது. பாசிர் கூடாங்கில் நாப்தா என்ற இலேசான எண்ணெயையும் கெர்த்தேயில் ஈத்தேனையும் 800 டிகிரிக்கு மேல் நீராவியோடு சூடாக்கி எத்திலீன் எடுப்பது இந்த வழியில்தான். உலைக்குழாய்க்குள் வாயு இருப்பது ஒரு விநாடியின் சிறு பகுதி. வெளியே வந்ததும் உடனடியாகக் குளிர்விக்கிறார்கள்.

வினையூக்கி வந்தால் வழியே மாறிவிடுகிறது. ஜியோலைட் என்ற அமிலத்தன்மையுள்ள படிகம், தனி எலக்ட்ரானுக்குப் பதிலாக நேர்மின்சுமையைக் கார்பனில் உண்டாக்குகிறது. இந்த நேரயனிக்கு ராடிக்கலுக்கு இல்லாத ஒரு குணம் உண்டு: உடைவதற்கு முன் தன் எலும்புக்கூட்டையே மாற்றிக்கொள்ளும். மின்சுமை மூன்று கார்பன் சூழ்ந்த இடத்தில்தான் நிம்மதியாக இருக்கும் என்பதால், நேர்ச்சங்கிலி கிளை விட்ட சங்கிலியாகிறது. அதன் பிறகு, மின்சுமையிலிருந்து பீட்டா இடத்தில் பிளவு. நுனிக் கார்பனில் மின்சுமை நிற்பது அதற்குப் பிடிக்காது. அதனால் எத்தீன் குறைவாகவும், 3, 4 கார்பன் துண்டுகள் அதிகமாகவும் வரும். உங்கள் வீட்டுக் கேஸ் தோம்பில் இருக்கும் புரோப்பேனும் பியூட்டேனும் அந்த அளவு மூலக்கூறுகள்தான். கிளை விட்டதன் பலன் பெட்ரோல் நிலையத்தில் தெரியும். ரோன் 95 என்ற எண், பெட்ரோல் எஞ்சினில் தட்டாமல் எரியும் திறனைச் சொல்வது. அந்த அளவுகோலில் நேரான ஹெப்டேனுக்கு 0. மூன்று கிளையுள்ள 2,2,4-ட்ரைமெத்தில்பென்டேனுக்கு 100. அதே 8 கார்பன் நேராக நின்றால் மதிப்பு 0-க்கும் கீழே போகும். கோலாலம்பூரைச் சுற்றி நாம் நிரப்பும் பெட்ரோலைக் கொண்டுவர மலாக்காவிலிருந்தும் போர்ட்டிக்சனிலிருந்தும் டெங்கில் முனையம் வரை நிலத்தடிக் குழாய் இருக்கிறது. அதில் ஓடி வரும் பெட்ரோலின் தரத்தில் இந்த நேரயனியின் இடமாற்றத்துக்கும் பங்குண்டு.

இப்போது உங்கள் மகளின் மிக முக்கியமான கேள்வி: எல்லாமே கரியாகிவிடாதா? நேரம் கொடுத்தால் ஆகிவிடும். இதைப் பாடநூல் சொல்வதில்லை. 500, 600 டிகிரியில் ஹைட்ரோகார்பனை மூடிவைத்து எத்தனை நாளானாலும் காத்திருக்கலாம் என்றால், கடைசியில் மிஞ்சுவது கரியும் மீத்தேனும் ஹைட்ரஜனும்தான். பெட்ரோல் என்பது அந்தப் பாதையின் நடுவில் இருக்கும் ஓர் இடம். உடைப்பது சிரமமே இல்லை. நடுவில் நிறுத்துவதில்தான் பொறியாளரின் வேலை இருக்கிறது. இயற்கை இதில் ஒரு உதவி செய்கிறது: நீளமான மூலக்கூறு வேகமாக உடையும், குட்டையானது மெதுவாக உடையும். ஆகவே சரியான நேரத்தில் வெளியே எடுத்துவிட்டால் பெரியவை உடைந்திருக்கும், சிறியவை பிழைத்திருக்கும்.

இந்த நிறுத்தத்தைக் கற்றுக்கொள்ள உலகம் அரை நூற்றாண்டு எடுத்துக்கொண்டது. ரஷ்யாவில் ஷுக்கோவும் காவ்ரிலோவும் 1891-லேயே வெப்பத்தால் உடைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். அமெரிக்காவில் வில்லியம் பர்ட்டனின் முறை 1913-இல் காப்புரிமை பெற்று வணிகத்துக்கு வந்தது. மோட்டார் வண்டிகள் பெருகி, விளக்கு எரிக்கும் மண்ணெண்ணெய்க்கு மவுசு குறைந்த காலம் அது. பர்ட்டனின் கொதிகலனில் கரி படிந்துவிடும். அடிக்கடி அணைத்து, ஆறவிட்டு, ஆள் இறங்கிச் சுரண்ட வேண்டும். பிரெஞ்சுப் பொறியாளர் யூஜின் ஹூட்ரி 1930-களில் அமிலக் களிமண் வகை வினையூக்கியைக் கொண்டுவந்தார். பென்சில்வேனியாவின் மார்க்கஸ் ஹூக்கில் அவருடைய பெரிய பிரிவு 1937-இல் ஓடியது. அங்கும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை எண்ணெயை நிறுத்தி, வினையூக்கியின் மேல் படிந்த கரியை எரித்துவிட்டு, மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. 1942-இல் லூசியானாவின் பாட்டன் ரூஜில் ஓடத் தொடங்கிய முதல் எஃப்சிசி (பாய்ம வினையூக்கி கிராக்கிங்) பிரிவு இந்தச் சிக்கலைத் தீர்த்தது: எண்ணெயை நிறுத்துவதற்குப் பதில் வினையூக்கியையே ஓட விட்டார்கள்.

அந்த ஓட்டத்தை நேரில் பார்க்க முடியாது, எல்லாம் எஃகுக்குள் நடக்கிறது. கண்ணாடிக் குழாயில் செய்து காட்டும் மாதிரியில் பார்க்கலாம். வினையூக்கி ஒரு மாவு. துகளின் சராசரி விட்டம் 70 மைக்ரோமீட்டர் அளவு. அடியிலிருந்து காற்றை ஊதினால், அடுப்பில் தளதளக்கும் கஞ்சி போல மேற்பரப்பு குமிழியிட்டு, சாய்த்த பக்கம் ஓடும். ஆலையில் இந்த மாவு 700 டிகிரி சூட்டில் ரைசர் என்ற உயரமான குழாயின் அடிக்கு இறங்கி வருகிறது. எண்ணெயை அதன்மேல் நுண்துளியாகத் தெளிக்கிறோம். ஒரு கிலோ எண்ணெய்க்கு 5 முதல் 8 கிலோ மாவு. எண்ணெய் அந்தக் கணமே ஆவியாகி, விரிந்து, மாவையும் தூக்கிக்கொண்டு மேலே பாய்கிறது. உச்சியை அடைய 2, 3 விநாடி. அதற்குள் உடைய வேண்டியது உடைந்தாயிற்று. மேலே சைக்ளோன் என்ற, சுழற்றிப் பிரிக்கும் கலங்கள் ஆவியையும் மாவையும் பிரித்துவிடும். வினையூக்கியிலிருந்து பிரிந்ததும் வினையின் வேகம் மடிகிறது. நிறுத்தம் என்று சொன்னேனே, அது இதுதான்.

மாவில் படிந்த கரி பக்கத்துக் கலமான ரீஜெனரேட்டரில் காற்றால் எரிக்கப்படுகிறது. மாதிரி பாட்டில்களை வரிசையாக வைத்தால் யாருக்கும் புரியும்: புதிய வினையூக்கி வெள்ளை, ரைசரைத் தாண்டி வந்தது கறுப்பு, ரீஜெனரேட்டரிலிருந்து வருவது வெளிர் சாம்பல். கறுப்பு மாவில் கரி எடையில் 1 விழுக்காடு அளவே இருக்கும்; ஆனாலும் முழுத் துகளையும் கறுப்பாக்கிவிடும். நான் ஷிப்டில் இருந்த காலத்தில், கருவிகள் என்ன சொன்னாலும் அந்தச் சாம்பல் நிறத்தை ஒருமுறை கண்ணால் பார்க்காமல் மனது ஒப்பாது. நிறம் கூடினால் எரிப்பு போதவில்லை என்று பொருள்.

இந்தக் கரியைக் கழிவு என்று நினைக்க வேண்டாம். அது எரிந்து தரும் சூட்டைத்தான் மாவு சுமந்துபோய் எண்ணெய்க்குக் கொடுக்கிறது. உடைவதற்குத் தேவை என்று முன்பு சொன்ன வெப்பம் முழுவதும் அங்கிருந்து வருகிறது. எண்ணெயில் 5 விழுக்காடு கரியானால், அது மற்ற 95 விழுக்காட்டுக்கு அடுப்பாகவும் இருக்கிறது, ஹைட்ரஜன் கணக்கில் வெளியே தள்ளப்பட்ட கார்பனாகவும் இருக்கிறது. எண்ணெய்த் துறையில் இதைவிட அழகாகப் பொருந்திய ஏற்பாட்டை நான் கண்டதில்லை. ஆனால் ஒரு கலத்தில் எண்ணெய் ஆவி, பக்கத்துக் கலத்தில் காற்று, இடையில் மாவு ஓடும் குழாயும் வால்வும் மட்டும். இரண்டும் கலந்தால் வெடிக்கும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் சுப்பீரியர் நகர ஆலையில் 2018 ஏப்ரலில் அப்படித்தான் நடந்தது: பிரிவை நிறுத்தும் வேளையில், தேய்ந்துபோன வால்வு வழியே காற்று எண்ணெய்ப் பக்கம் புகுந்து வெடித்துப் பலர் காயமடைந்தார்கள். இந்தப் பிரிவில் வேலை செய்பவர்கள் வால்வின் இரு பக்க அழுத்த வித்தியாசத்தை மற்ற எல்லா எண்களுக்கும் முன்னால் பார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

இதுவரை சொன்னவற்றில் ஹைட்ரஜன் கணக்கு, ராடிக்கல் சங்கிலி, பீட்டா பிளவு ஆகியவை ஐயத்துக்கு இடமில்லாதவை. ஜியோலைட்டுக்குள் முதல் நேரயனி எப்படிப் பிறக்கிறது என்பதில்தான் ஆய்வாளர்களிடையே வாதம் ஓயவில்லை. ஹாக், டெசாவ் என்ற இருவர் 1984-இல், அமிலப் புரோட்டான் நேராக ஆல்க்கேனிலேயே ஏறி அதை உடைக்க முடியும் என்று காட்டினார்கள். இன்று பெரும்பாலோர் ஏற்கிறார்கள். ஆனால் உண்மையான ஆலை எண்ணெயில் ஏற்கெனவே இருக்கும் சிறிதளவு ஆல்க்கீன்தான் தொடக்கம் என்போரும் உண்டு. அந்த நேரயனி துளைக்குள் தனித்து உலவுகிறதா, அல்லது சுவரின் ஆக்சிஜனோடு பிணைந்தே பெரும்பாலான நேரம் இருக்கிறதா என்பதும் சர்ச்சைதான். துளையின் வாய் முக்கால் நானோமீட்டர்கூட இல்லை. பெரிய மூலக்கூறுகள் உள்ளே நுழையவே முடியாது. அவை துகளின் வெளிப்பகுதியில் முதலில் ஒருமுறை உடைந்த பிறகே உள்ளே போகும். ஒரு குறிப்பிட்ட மூலக்கூறைக் காட்டி, இது இந்தப் பிணைப்பில்தான் உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது. கோடானுகோடியில் எத்தனை பங்கு எப்படி உடையும் என்பதை மட்டும் நன்றாகவே சொல்லலாம். ஆலை ஓடுவதற்கு அது போதும்.

கடைசியாக, வீட்டுக்காரரின் பிளாஸ்டிக் பை. அடிப்படை உண்மைதான். பாலிஎத்திலீன் என்பது ஆயிரக்கணக்கான கார்பன் கொண்ட நீண்ட ஆல்க்கேன் சங்கிலி. காற்று புகாமல் 400 டிகிரிக்கு மேல் சூடாக்கினால், மேலே சொன்ன ராடிக்கல் வழியில் அறுந்து மெழுகும் எண்ணெயும் வாயுவும் வரும். ஆனால் வருவது பெட்ரோல் இல்லை. நேர்ச்சங்கிலிகள் மிகுந்த, ஆல்க்கீன் நிறைந்த, மெழுகிலிருந்து நாப்தா வரை எல்லாம் கலந்த திரவம். ஆல்க்கீன்கள் நாளடைவில் ஒன்றோடொன்று ஒட்டிப் பிசினாகி எரிபொருள் வடிகட்டியையும் இன்ஜெக்டரையும் அடைக்கும். பையோடு பிவிசி (குளோரின் உள்ள பிளாஸ்டிக்) கொஞ்சம் கலந்துவிட்டாலும் ஹைட்ரஜன் குளோரைடு வெளியாகி நுரையீரலையும் உலோகத்தையும் அரிக்கும். குடிநீர் பாட்டிலின் பிளாஸ்டிக் வேறு வகை. அதில் ஆக்சிஜன் இருப்பதால் இந்த மாதிரி எண்ணெய் கிடைக்காது. பெரிய அளவில் இதைச் செய்யும் ஆலைகள் பல நாடுகளில் தொடங்கப்பட்டிருக்கின்றன, சில மூடப்பட்டும் இருக்கின்றன. குப்பையைத் தரம் பிரிக்கும் செலவைத் தாங்கி இது நிலைக்குமா என்பது இன்னும் முடிவாகவில்லை. வீட்டுக் கொல்லையில் தகர டின்னும் கேஸ் அடுப்பும் வைத்துச் செய்வது மட்டும் கூடவே கூடாது. ஒரு கசிவு போதும்; வெளிவரும் வாயு நேராக அந்த அடுப்பின் தீயைத் தேடிப் போகும். காணொளியில் காட்டும் திரவத்தை மோட்டார் சைக்கிளில் ஊற்ற வேண்டாம் என்றும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.